நரக அச்சமும் மறுமாற்றமும்

பினாங்குத் தீவுக்குச் சென்று வந்த தமிழருள் சூலியா தெருவை அறியாதார் அரியர். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டுச் சென்ற தமிழ் முஸ்லிம்களைச் ‘சூலியர்’ என்று வழங்கியதால் அத்தெரு அப்பெயர் பெற்றது. அவர்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் 1801இல் தோற்றுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதன் அருகே உள்ளது. அத்தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த தர்கா உள்ளது. சற்று நடந்தால் குவீன் தெருவில் 1833இல் அமைந்த மகாமாரியம்மன் கோயில். பிட் தெரு என்று முன்னர் வழங்கிய பெருந்தெருவின் வழியே சென்றால் சீனரின் குவான் யின் கோயிலையும், 1818இல் கட்டப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும் காணலாம். இத்தனை வழிபாட்டிடங்களும் இவ்வளவு சிறிய பரப்பில் இணங்கி வாழ்வதைப் பயண நூல்கள் வியந்து எழுதும். இத்தனை நரகங்களும் அங்கே அண்டை வீட்டுக்காரர்களாய்க் குடியிருப்பதை அந்நூல்கள் குறிப்பதில்லை.

சீனர் தம் ஆண்டின் ஏழாந் திங்களில் நரகத்தின் கதவு திறக்குமென்று கருதி, அங்கிருந்து வரும் ஆவிகளுக்குப் படையலிட்டுக் காகிதப் பணத்தைக் கொளுத்துவர். தமிழ் முஸ்லிம்களின் பழைய நூலாகிய ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் வினாவும் விடையுமாக யாத்த அந்நூலில் சுவர்க்க நரகங்களின் செய்தியும் உண்டு. அதே வினாத் தொகுதி மலாய் மொழியிலும் ஜாவானிய மொழியிலும் வேறு வேறு வடிவில் வழங்கியமையால், தமிழ் வணிகனும் மலாய் அண்டையனும் ஒரே வினாக்களுக்கு ஒரே விடைகளைத் தத்தம் மொழியிற் கேட்டு வளர்ந்தனர் எனலாம். இந்துக்களின் இழவு வீட்டில் கருடபுராணம் படிக்கும் வழக்கம் கடல் கடந்தும் சென்றது. தேவாலயத்து நெருப்பைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவற்றுள் ஒரு சமயத்திற் பிறந்தவன் படித்தும் எண்ணியும் அதனின்று விலகி விடுகிறான் என்று கொள்வோம். வழிபாடு அன்றே நின்றுவிடும். நோன்பும் நின்றுவிடும். நரகத்தைப் பற்றிய அச்சம் மட்டும் உடனே நிற்பதில்லை. நண்பரிடையே நரகமென்று ஒன்றில்லை என்று பகலில் வாதிட்டவன், காய்ச்சல் கண்ட இரவில் தனியே விழித்துக் கிடக்கும்போது, ‘ஒருகால் இருந்துவிட்டால்?’ என்று நடுங்குவதுண்டு. அறிவு வாயில் திறக்குமுன்பே, தாய் சொன்ன கதையாகவும் சுவரிற் கண்ட படமாகவும் உள்ளே குடியேறிய அச்சம் அது. வாதத்தின் வழியே வராத ஒன்று வாதத்தின் வழியே வெளியேறாமை வியப்பன்று. இவ்வச்சத்தைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு கையாண்டது, அதனின்று மீண்டவர் எவ்வாறு மீண்டனர் என்பன தமிழாசிரியர் கருதத்தக்க பொருள்கள். வகுப்பில் நாள்தோறும் எடுத்தாளப்படும் பாடல்களிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன.

பழந்தமிழில் நரகத்துக்கு வழங்கிய சொற்கள் ‘நிரயம்’, ‘அளறு’ என்பன. பின்னதற்குச் சேறு என்பதே முதற்பொருள். எரியும் நெருப்பைக் காட்டிலும் கால் புதையும் சேற்றையே அக்காலத் தமிழர் உள்ளம் பெருந்துன்பமாகக் கண்டது போலும். வயலில் வாழ்ந்தவர்க்கு அது இயல்பே. திருவள்ளுவர் ஊன் உண்பவனையும், பேதையையும், வரைவின் மகளிரை நாடுபவனையும் பேசுமிடத்து இச்சொல்லை ஆள்கிறார். பிறிதோரிடத்தில் அடங்காமை கொண்டு செலுத்தும் இருளைக் கூறுகிறார். அவ்விருளையும் ஒரு நரக வகையாகவே கொள்வார் பரிமேலழகர். ஆயினும் குறளில் நரகத்தின் வருணனை இல்லை. அங்கே என்ன நேரும், யார் வதைப்பார், எத்தனை காலம் என்னும் விவரம் எதுவும் வள்ளுவர்க்கு வேண்டப்படவில்லை.

புறநானூற்றின் 5ஆம் பாட்டு இன்னும் நோக்கத்தக்கது. நரிவெரூஉத்தலையார் சேர மன்னன் ஒருவனிடம், அன்பும் அருளும் அற்று நிரயத்துக்கு உரியராவாரோடு சேராமல், குழந்தையை வளர்ப்பவர் போல் நாட்டைக் காக்குமாறு அறிவுறுத்துகிறார். இங்கே நரகம் காட்டப்படுவது யாருக்கு? ஆளும் அரசனுக்கு. காட்டுபவர் யார்? படையும் பொருளுமற்ற ஒரு புலவர். வலியவனை எளியவன் தடுப்பதற்கு வேறு கருவியில்லாத இடத்தில் அச்சொல் பிறக்கிறது. இப்பாட்டைப் பாடம் சொல்லும்போது ‘நிரயம் - நரகம்’ என்று பொருள் எழுதிக் கடந்துவிடுவது பெரும்பான்மை வழக்கம். நரகம் என்னும் கருத்து யார் கையிலிருந்து யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதையும் மாணவர்க்குக் காட்டினால், பின்வந்த நூல்களில் அது திசை மாறியது தானே விளங்கும்.

பின்வந்த நூல்களில் விவரம் பெருகியது. சீவகசிந்தாமணியின் முத்தியிலம்பகம் நரக கதியின் துன்பங்களை நிரல்பட விரிக்கும். பாகவத புராணம் நரகங்களை 28 என்று எண்ணும். மனு நூல் 21 என்னும். எண் வேறுபட்டாலும் செய்தொழில் ஒன்றே. ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனி வதை, தனித்தனி பெயர். இந்து, சமண நரகங்கள் முடிவுள்ளவை, வினை தீர்ந்ததும் உயிர் வெளியேறும் என்பது உண்மையே. ஆயின் அஞ்சுகிறவன் கால அளவைக் கணக்கிட்டு ஆறுதல் கொள்வதில்லை. இவ்விவரங்களுக்கு மக்கள் மனத்தில் உள்ள பிடி இன்னும் தளரவில்லை என்பதற்கு, கருடபுராணத் தண்டனைகளை வைத்து 2005இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற ‘அந்நியன்’ திரைப்படமே போதும். அங்குக் கைதட்டியவரெல்லாம் அத்தண்டனை பிறர்க்கென்று எண்ணியே கைதட்டினர்.

இனி, ஒரு சமயத்தை விட்டு நீங்கியவரின் நரக அச்சத்துக்குத் தமிழிற் கிடைக்கும் முதற் பெருஞ்சான்றுக்கு வரலாம். அவர் திருநாவுக்கரசர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்திற் சேர்ந்து, பாடலிபுரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தி, சூலை நோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரை அடைந்து திருவதிகையிற் சைவத்துக்கு மீண்டவர் என்று சேக்கிழார் கூறுவார். சேக்கிழார் காலம் அப்பர்க்கு ஐந்து நூற்றாண்டு பிற்பட்டது. ஆதலின் நிகழ்ச்சிகளின் வரிசையை முற்றும் வரலாறாகக் கொள்ளுதல் அரிது. ஆனால் பாடல்கள் அப்பருடையவை. அவற்றில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது: சமணரோடு கழித்த நாட்களை எண்ணி இரங்குதல். சமயம் மாறியவர் ஒருமுறை வருந்தி அமைவதே போதும் என்று வெளியிலிருப்பவர்க்குத் தோன்றும். அப்பர் அமையவில்லை. விட்டு வந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் கண் அவருடையது.

மரபு அவருடைய முதற்பதிகமாகக் கொள்வது, தம்மை வருத்திய நோயைக் கூற்றுவனாகக் கண்டு தொடங்குகிறது. உடல் வலிக்கும் மரண தேவனுக்கும் அங்கே வேறுபாடில்லை. அது சமணத்தை விட்ட நாளின் குரல். பின்னர்ப் பல்லவ மன்னன் தன் அமைச்சரை அனுப்பி அழைத்தபோது அவர் அனுப்பிய விடையாகச் சேக்கிழார் குறிப்பது மறுமாற்றத் திருத்தாண்டகம். ‘மாற்றம்’ என்பது இங்குச் சொல் என்னும் பொருளது, மறுமாற்றம், மறுமொழி. அதன் முதற்பாட்டு யாருக்கும் குடியாகாமை, நமனுக்கு அஞ்சாமை, நரகத்தில் துன்புறாமை என்று அடுக்கிச் செல்கிறது. கூற்றுவனைக் கண்டு நடுங்கித் தொடங்கிய ஒருவர் அக்கூற்றுவனையே பொருட்படுத்தாத இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இவ்விரு பதிகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலன்றி அவர் கடந்த தொலைவு புலனாகாது.

இத்தாண்டகத்தை வீரமுழக்கமாகப் படிப்பாரும், பக்திப் பெருமிதமாகப் படிப்பாரும் உளர். இரண்டும் பொருந்தும். ஆயின் உற்றுநோக்க வேண்டியது, குடியல்லாமை முதலிலும் நரகமின்மை பின்னரும் வைக்கப்பெற்ற முறை. அரசனுக்கு ஆட்பட்டிருக்கும் வரையில் நரகத்துக்கும் ஆட்பட்டிருக்கவே வேண்டும் என்பது போன்ற வரிசை இது. நரகத்தின் அமைப்பே ஓர் அரசின் அமைப்புத்தானே? அரசன் உண்டு, தூதர் உண்டு, கணக்கர் உண்டு, சிறை உண்டு, வதைக்களம் உண்டு. மண்ணில் அரசன் நீற்றறையும் யானையும் வைத்திருந்தால், மண்ணுக்குக் கீழே எமன் எண்ணெய்க் கொப்பரை வைத்திருப்பான். மேலுள்ளதற்கு அஞ்சாதவன் கீழுள்ளதற்கும் அஞ்சான். நரகம் உண்டா இல்லையா என்ற வாதத்தில் அப்பர் இறங்கவேயில்லை. தாம் அந்த ஆட்சியின் குடியல்லர் என்று மட்டும் அறிவித்து விடுகிறார்.

இன்னொன்று, அவர் அங்கே ‘யான்’ என்று பேசாமல் ‘நாம்’ என்று பேசுவது. நோயைப் பாடிய முதற்பதிகத்தில் துன்புறுபவர் ஒருவரே. மறுமாற்றத்தில் பேசுவது ஒரு கூட்டம். தனியே கிடந்து அஞ்சியவருக்குத் துணை கிடைத்துவிட்டது என்பதை இப்பன்மை காட்டுகிறது. அரச வழக்கான பெருமைப் பன்மை என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் தொண்டர் கூட்டத்தோடு உழவாரம் ஏந்தி ஊர் ஊராக நடந்தவர் வாயில் அது வெறும் இலக்கண வழக்காக இருத்தல் இயலாது.

அப்பர் ஒரு சமயத்தை விட்டு இன்னொன்றைச் சார்ந்தவர். அவர்க்குச் சிவன் இருந்தான். எச்சமயமும் சாராதவனுக்கு யார் இருக்கிறார் என்று ஒரு தடை எழலாம். தக்க தடையே. அதற்கு விடை காண மேலைநாட்டு நிகழ்ச்சி ஒன்று உதவும். ஸ்காட்லாந்து மெய்யியலார் டேவிட் ஹியூம் 1776ஆம் ஆண்டு மரணப்படுக்கையிற் கிடந்தார். சமய நம்பிக்கையை இளமையிலேயே விட்டவர் அவர். சாகும் தறுவாயில் இவர் அஞ்சுகிறாரா என்று அறியும் ஆவலோடு ஜேம்ஸ் பாஸ்வெல் ஜூலை மாதத்தில் அவரைக் காணச் சென்றார். ஹியூம் அமைதியாகப் பேசி நகையாடினார். கலங்கி வெளியேறியவர் பாஸ்வெல்லே. நரக அச்சத்தை ஊட்டி வளர்க்கும் கால்வினிய மரபிற் பிறந்து, அதனைத் தம் வாழ்நாள் முழுதும் உதறவும் ஏற்கவும் முடியாமல் தவித்தவர் அவர். அன்று ஹியூம் தம் இளமையைப் பற்றிக் கூறிய ஒரு செய்தி பாஸ்வெல்லின் குறிப்பிற் காணப்படுகிறது. பக்தி நூல் ஒன்றின் இறுதியிலிருந்த பாவப் பட்டியலை அவர் சுருக்கி எழுதி வைத்துக்கொண்டு தம்மைத் தாமே சோதித்து வந்தாராம். கொலை, களவு போன்று தமக்கு வாய்ப்பே இல்லாதவற்றை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாராம்.

பட்டியல், கணக்கு, சோதனை. சித்திரகுப்தனின் வேலையைச் சிறுவன் ஹியூம் தானே செய்து கொண்டிருந்திருக்கிறான். நரக அச்சத்தின் வேர் நெருப்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பேரேடு எழுதிப் பிழைத்த சூலியா தெரு வணிகர்க்கு இது எளிதில் விளங்கும்: கணக்கன் இறந்துவிட்டான் என்று சொன்னால் கடன் தீர்ந்துவிடாது. கடவுளை விட்டவன் கணக்கனை நீக்கிவிடுகிறான்; தான் செய்த பிழைகளின் கணக்கு அவன் மனத்தில் அப்படியே கிடக்கிறது. அதனைத் தீர்க்கும் இடம் ஏதென்று தெரியாத வரையில் அச்சமும் கிடக்கும்.

இந்தக் கண் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பகுத்தறிவு உரைநடையை நோக்க வேண்டும். அதற்கு முன்பே, 1882இல் தொடங்கிய ‘தத்துவ விவேசினி’ இதழும், அதே ஆண்டில் வெளிவந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யும் சென்னையில் வழியமைத்திருந்தன. 1925இல் ‘குடிஅரசு’ தோன்றியபின் அவ்வழி பெருவழியாயிற்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டிற் கலந்துகொண்டு மலாயா, சிங்கப்பூர் எங்கும் சொற்பொழிவாற்றினார். 1954 டிசம்பரில், பர்மாவில் நடந்த பௌத்த மாநாட்டுக்குப் பின் மீண்டும் மலாயா சென்றார். நரகமும் மோட்சமும் புரோகிதரின் பிழைப்புக்கான ஏற்பாடு என்பது அவ்வியக்கத்தின் நிலையான வாதம். அதன் முதற் படைக்கலம் நகைப்பு.

நகைப்பின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயிரம் பேர் கூடிய பொதுமேடையில் எண்ணெய்க் கொப்பரைக்கு விறகு வாங்கும் செலவை ஒருவர் கணக்குக் கேட்டு, கேட்டவர் அனைவரும் சிரித்துவிட்டால், அக்கொப்பரை பழைய மதிப்பை மீண்டும் பெறுவது அரிது. அப்பர் கண்ட ‘நாம்’ என்னும் பன்மை இக்கூட்டங்களிலும் இருந்தது. சிரிப்பும் கூட்டத்திலேயே பிறப்பது. எனினும் அவ்வியக்க உரைநடையின் குறையும் இங்கேயே இருக்கிறது. அது பெரும்பாலும் புரோகிதனை நோக்கிப் பேசியது; அஞ்சுகிறவனை நோக்கிப் பேசியது குறைவு. மேடையிற் சிரித்தவன் வீட்டுக்குப் போனபின் அவனோடு யார் இருந்தார்?

அதிலும் கடல் கடந்தவன் நிலை தனி. ‘புத்’ என்னும் நரகத்தினின்று தந்தையைக் காப்பவன் புத்திரன் என்று மனு நூல் சொற்பொருள் கூறும். இச்சொற்பொருள் மொழிநூலுக்கு ஒத்ததா என்பது வேறு வினா. அது ஊட்டிய அச்சம் மெய். நரகம் தனக்கு மட்டும் உரியதாயின் ஒருவன் துணிந்து துறந்துவிடலாம். தான் நீர்க்கடன் செய்யாவிட்டால் தன் தந்தை நரகத்தில் விழுவார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் எதைத் துறப்பான்? ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வங்கக் கடலைத் தாண்டிப் பினாங்கில் இறங்கிக் கடையிலோ துறைமுகத்திலோ உழைத்தவனுக்கு ஊரிலிருந்து இறப்புச் செய்தி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கொள்ளி வைக்க இல்லாமற்போன மகனின் மனத்தில் எழும் நடுக்கத்தைப் ‘பார்ப்பன சூழ்ச்சி’ என்ற விளக்கம் தணிக்காது. அது அச்சமாக மட்டும் இருப்பதில்லை. பாசம் அச்சத்தின் உடை உடுத்து வருவது. சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியாயிற்று. அதைப் பற்றிய எழுத்து மலிந்து கிடக்கிறது. அம்முறையில் மணந்தவர்களுட் சிலர் தாய் தந்தையர்க்குத் திதி கொடுத்ததைப் பற்றி எழுத்து இல்லை. எழுதினால் இகழ்வர் என்று கருதினர் போலும். இகழாமல் எழுதியிருக்க வேண்டிய செய்தி அது.

அவ்வியக்க உரைநடையில் இக்குறைக்கு விலக்காக நிற்கும் கட்டுரை ஒன்று உண்டு. பெரியாரின் மனைவியார் நாகம்மையார் 1933 மே 11இல் மறைந்தபோது ‘குடிஅரசி’ல் அவர் எழுதிய இரங்கலுரை அது. துக்கப்படுவதா மகிழ்வதா என்ற கேள்வியோடு அது தொடங்குவது படிப்பவரைத் திடுக்கிடச் செய்யும்; கல்நெஞ்சர் என்று கூறியவரும் உண்டு. ஆனால் கட்டுரையின் நடுவே வேறொன்று நிகழ்கிறது. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குச் சொன்னதைத் தம் மனைவியிடத்தில் தாம் நடத்திக் காட்டவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அம்மையாரின் உழைப்பைத் தம் வசதிக்கும் தம் தொண்டுக்கும் பயன்படுத்திக்கொண்டதைச் சொல்கிறார். மன்னிப்பை வேண்டிக் கடவுளிடம் செல்லும் வழி அவருக்கு இல்லை. இறந்தவர் எங்கிருந்தோ கேட்பார் என்ற ஆறுதலும் இல்லை. ஆகவே கணக்கை இதழ் படிப்போர் முன் விரித்து வைத்துவிடுகிறார். சித்திரகுப்தன் எழுதியிருக்க வேண்டியதைக் கணவரே எழுதி அச்சிட்டுவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. நரகத்தை நகையாடிய நூறு கட்டுரைகளுக்கு இல்லாத அமைதி இதற்கு உண்டு. கணக்கு இறந்தபின் வரும் உலகிலிருந்து இருக்கும் உலகுக்கு இறங்கிவிட்டமையே அதற்குக் காரணம்.

இதனோடு வைத்துப் படிக்கத்தக்கது, பகத்சிங் 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையில் எழுதி, ப. ஜீவானந்தம் தமிழாக்கிய ‘நான் ஏன் நாத்திகன்?’ என்னும் நூல். அதனைத் தமிழிற் கொணர்ந்ததற்காக ஜீவா 1935இல் சிறைப்பட்டார். இறுதி நாளில் நீ கடவுளை நம்பத் தொடங்குவாய் என்று நண்பர் ஒருவர் சொன்னதையும், அவ்வாறு நேர்ந்தால் அதைத் தமக்கு இழிவாகக் கருதுவதாகத் தாம் மறுத்ததையும் பகத்சிங் எழுதுகிறார். சமயிகள் அடுத்த உலகில் அரச வாழ்வையோ இன்பத் தோட்டத்தையோ எதிர்நோக்கலாம். தூக்குக் கயிறு இறுகும் கணமே தமக்கு இறுதி என்கிறார். இருபத்து மூன்று அகவையர் எழுதியது என்பதை மனத்திற்கொண்டு படித்தால் அதன் நிதானம் வியப்பூட்டும். அவர்க்கும் அரசனுக்கும் இடையே நடந்தது ஒரு மறுமாற்றமே. பல்லவனுக்குப் பதில் ஆங்கில அரசு. நீற்றறைக்குப் பதில் தூக்குமேடை. குடியல்லாமை அங்கும் முதலில் வருகிறது. ஆயினும் அப்பரின் முதற்பதிகத்துக்கு நிகரான பகுதி பகத்சிங்கின் நூலில் இல்லை. அஞ்சிய காலத்தின் குரல் அதிற் கேட்கவில்லை. அச்சம் கடந்தபின் எழுதிய குரலே கேட்கிறது.

தமிழில் இன்னும் எழுதப்படாமல் இருப்பது அந்த முன்பகுதிதான். சூலை நோயை வெட்கமின்றிப் பாடிய அப்பரைப் போல, சமயத்தை விட்டபின் அஞ்சிய இரவுகளை அஞ்சியபடியே எழுதிய தன்வரலாறு பகுத்தறிவாளர் பக்கத்தில் அரிது. சமயத்தார் அத்தகைய எழுத்தைக் கண்டால், ‘பார், கடைசியில் நடுங்கினான்’ என்று எடுத்துக்காட்டுவர் என்ற எச்சரிக்கை அவர்களைத் தடுத்திருக்கலாம். பாஸ்வெல் அதற்காகத்தானே ஹியூமின் படுக்கையருகே சென்றார்? ஏழாந் திங்களில் சீனர் கொளுத்தும் காகிதப் பணத்தின் புகை சூலியா தெரு வரை பரவும் இரவுகளில், ஊரில் இறந்த தந்தைக்கு ஒன்றும் செய்யாத மகன் ஒருவன் கடை வாயிலில் நின்று அதை நோக்கியிருப்பான். அவன் ‘குடிஅரசு’ படித்தவனாகவும் இருந்திருப்பான். அன்றிரவு அவன் உறங்கினானா என்பதைச் சொல்லும் ஏடு ஒன்று எங்கேனும் பழைய பெட்டியிற் கிடைக்குமாயின், மறுமாற்றத் திருத்தாண்டகத்தின் அருகே வைத்துப் பாடம் சொல்லத் தக்கது அதுவே.